பிஎச்.டி.க்கு எவ்வளவு கட்டணும் டீச்சர்?



போன வாரம் மாடித் தோட்டத்து மல்லிகைப் படம் போட்டேன். இன்றைக்குப் படம் எதுவும் இல்லை, எழுத்துதான், அதுவும் நீளம். அடுப்பில் எதையும் வைத்துவிட்டுப் படிக்க உட்காராதீர்கள். வீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பிள்ளை இருக்கிறவர்கள் மட்டும் எப்படியாவது நேரம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள். இரண்டு வருஷமாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டது இது. தள்ளிப்போட்டதற்குக் காரணம், முதலில் என் தப்பைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

2009 மே மாதம். எங்கள் பள்ளியில் 2001-ல் பத்தாவது முடித்த ஒரு பெண் கால் கிலோ அல்வாவோடு வீட்டுக்கு வந்தாள். பெயர் வேண்டாம், அந்த செட்டுப் பிள்ளைகளுக்கு யார் என்று தெரிந்துவிடும். அம்மா பீடி சுற்றித்தான் மூன்று பெண்களையும் படிக்க வைத்தார். இவள் மூத்தவள். எம்.சி.ஏ.வில் பல்கலைக்கழக ரேங்க் வாங்கியிருந்தாள். கணக்கில் நான் ஒரு வழி போட்டால் அவள் இன்னொரு வழி போட்டுக் காட்டுவாள். என் முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் அப்படி நாலைந்து பேர்தான்.

"டீச்சர், எங்க எச்.ஓ.டி. பிஎச்.டி. பண்ணச் சொல்லுதாங்க. பண்ணலாமா?" என்று கேட்டாள்.

"எவ்வளவுளா செலவாகும்?" என்றேன்.

"தெரியல டீச்சர். அதைத்தான் உங்ககிட்ட கேக்க வந்தேன்."

எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். விசாரித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏட்டி, உங்க அம்மா இன்னும் எத்தனை வருஷம் சொளவை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்? தங்கச்சி ரெண்டு பேர் இருக்காளுக. பேசாம வேலைக்குப் போ" என்றேன். பெரிய பொறுப்பான வார்த்தை சொன்னதாக நினைப்பு. அவளும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள், தங்கைகளைக் கட்டிக்கொடுத்தாள், வீடு கட்டினாள். ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல பிள்ளை என்பார்கள். அதனால் பதினாலு வருஷம் நான் சொன்னது சரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2023 ஜூன் மாதம் என் தம்பி ஒரு ஃபைலோடு வந்தான். அவன் மகள், முறைக்கு எனக்கு மருமகள், எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருந்தாள். மேலே ஆராய்ச்சி பண்ண ஆசை. டவுனில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்திருக்கிறார்கள். நாலரை லட்சம். சீட்டு, கைடு, இரண்டு ஜர்னல் பேப்பர், தீசிஸ் எழுதித் தருவது எல்லாம் அதில் அடக்கமாம். அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் ஒரு வாரத்துக்குள் கட்ட வேண்டும்.

"குளத்துப் பாசன வயல் முப்பத்தஞ்சு சென்ட்டை ஒத்திக்கு வைக்கலாம்னு இருக்கேன்க்கா. பத்தலைன்னா நீ கொஞ்சம் குடு" என்றான்.

எனக்கு ஒன்று மட்டும் நெருடியது. தீசிஸை அவர்களே எழுதித் தருவார்கள் என்றால் இவள் எதற்கு? பரீட்சையை வேறு ஆள் எழுதுகிற மாதிரி அல்லவா? சரி, ஒரு ஆளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று தம்பிக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தேன். 2009-ல் செய்யாத வேலை அது.

கேட்டது யாரிடம் என்றால், 2004 செட்டில் பஸ் ஸ்டாண்டு சைக்கிள் கடைக்காரர் மகன். இப்போது ஜெர்மனியில் இருக்கிறான். அவர்களுக்கு அப்போதுதான் காலை எட்டு மணி. நான் நாலரை லட்சம் என்று சொன்னதும் அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்திருப்பார்.

"டீச்சர், நீங்க கட்டக் கூடாது. அவங்கதான் உங்களுக்குக் கட்டணும். நான் ஒத்தைப் பைசா கட்டலை. பிஎச்.டி. பண்ணும்போது எனக்கு யுனிவர்சிட்டி சம்பளம் குடுத்தது. வரி பிடிச்சாங்க, பென்ஷனுக்குப் பிடிச்சாங்க, லீவு கூட உண்டு."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அவன் என்னவோ சொல்லிக்கொண்டே போகிறான், எனக்கு அந்த அல்வாப் பொட்டலம்தான் கண்ணில் தெரிகிறது.

நிற்க. ஏன் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ஒரு பேராசிரியர் ஆராய்ச்சிக்காக அரசாங்கத்திடமோ கம்பெனியிடமோ பணம் வாங்குகிறார். அந்தப் பணத்தில் மெஷினுக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. அந்த 'ஆள்'தான் பிஎச்.டி. மாணவர். புரோகிராம் எழுதுவது, சோதனை பண்ணுவது, பேப்பர் எழுதுவது எல்லாம் அந்தப் பிள்ளை. இதுபோக லேப் பார்த்துக்கொள்வது, விடைத்தாள் திருத்துவது என்று கல்லூரி வேலையும் உண்டு. வேலை வாங்குகிறார்கள், கூலி கொடுக்கிறார்கள். நம் ஊரில் பிஎச்.டி.யைப் படிப்பு என்று மட்டுமே நினைப்பதால் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கிறோம். வேலை காலி இருக்கிறதா, யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் தேடுகிற விதமே மாறிவிடும்.

நம் நாட்டில் பெரும்பாலும் பணம் மத்திய அரசிடமிருந்து வருகிறது. கேட், நெட் என்று பரீட்சை எழுதித் தகுதி பெற்று ஐஐடி, என்ஐடி, பெங்களூரு ஐஐஎஸ்சி மாதிரி இடங்களில் முழுநேர ஆய்வில் சேர்ந்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. செமஸ்டர் கட்டணம், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் அதில் கட்டிவிட்டு மிச்சமும் பிடிக்கலாம். நெட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒரு பாடம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. அதில் ஜேஆர்எஃப் வாங்கினால் அந்த உதவித்தொகை பிள்ளையோடு கூடவே வரும், எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் சரி. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை என்று 2018-ல் ஒன்று கொண்டுவந்தார்கள். முதல் இரண்டு வருஷம் மாதம் 70,000, கடைசியில் 80,000 வரை, ஆராய்ச்சிச் செலவுக்கு வருஷம் 2 லட்சம் தனி. அது கிடைப்பது குதிரைக் கொம்பு, என் மருமகளுக்குக் கிடைக்கவில்லை.

சென்னைக்காரர்கள் கவனியுங்கள். தரமணியில் மேட் சயின்ஸ் என்கிற கணித அறிவியல் நிறுவனமும் சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனமும் இருக்கின்றன. பெயரில் கணிதம் இருப்பதால் நம் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டிலும் கணினி அறிவியலில், அதாவது அதன் கணக்குப் பக்கத்தில், உதவித்தொகையோடு பிஎச்.டி. உண்டு. கணக்கு டீச்சர் என்பதால் சிபாரிசு பண்ணுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

சரி, மருமகள் கதைக்கு வருகிறேன். ஒத்தி வேண்டாம் என்று தம்பியை அனுப்பிவிட்டேன். அவளை என் வீட்டில் தங்கச் சொன்னேன். தனியாகத்தானே இருக்கிறேன். அவளும் லேப்டாப்பும் நானும்.

முதல் மாதம் அவள் செய்தது என்ன தெரியுமா? ஒரே கடிதத்தை நாற்பது பேராசிரியர்களுக்கு அனுப்பினாள். ஒருவர் கூடப் பதில் போடவில்லை. இல்லை, ஒருவர் போட்டார், 'அட்மிஷன் பக்கத்தைப் பார்க்கவும்' என்று. பொறுக்க முடியாமல் ஒன்றை சைக்கிள் கடைக்காரர் மகனுக்கு அனுப்பி, என்ன குறை பார் என்றேன். "டீச்சர், இது நம்ம ஸ்கூல் லீவு லெட்டர்" என்று திருப்பி அனுப்பினான். உண்மைதான். 'ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்' என்று ஆரம்பித்து, 'யுவர் எஸ்டீம்டு இன்ஸ்டிடியூஷன்' என்று நடுவில் வைத்து, 'தேங்கிங் யூ' என்று முடித்திருந்தாள். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' ஒன்றுதான் குறை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அப்படி எழுதக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தான்.

அந்தப் பேராசிரியர்களுக்குத் தினமும் இப்படி எத்தனையோ வருமாம். யாருக்கும் பொருந்துகிற கடிதத்தை யாரும் படிப்பதில்லை. சில பேராசிரியர்கள் தங்கள் வலைப்பக்கத்தில் 'என்னிடம் சேர விரும்புவோர்' என்று ஒரு பகுதி வைத்து, 'இதைப் படித்தீர்கள் என்று எனக்குத் தெரிய மெயில் தலைப்பில் இந்தச் சொல்லைப் போடுங்கள்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சொல் இல்லாத மெயில் நேராகக் குப்பைக்கு. எங்கள் நாற்பதில் மூன்று பேர் அப்படிப் போட்டிருந்தார்கள், இவள் ஒன்றையும் பார்க்கவில்லை. கேள்வியைப் படிக்காமல் விடை எழுதாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் உங்களுக்கெல்லாம்!

பிறகு அவன் ஒரு வழி சொன்னான். அதை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதற்குத்தான் கன்சல்டன்சிக்காரர்கள் காசு வாங்குகிறார்கள், அதுவும் சொல்லித் தராமலே. சிஎஸ்ரேங்கிங்ஸ் என்று ஒரு தளம். எமெரி பெர்ஜர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தொடங்கியது, இலவசம். அதில் பிரிவையும் நாட்டையும் தேர்ந்தெடுத்தால், எந்தப் பல்கலைக்கழகத்தில் யார் யார் அந்தப் பிரிவின் முக்கியமான மாநாடுகளில் பேப்பர் போடுகிறார்கள் என்று பெயரோடு வந்துவிடும். பெயரைத் தொட்டால் அவருடைய பக்கம். டிபிஎல்பி என்று ஜெர்மனிக்காரர்கள் நடத்துகிற இன்னொரு தளத்தில் அவர் இதுவரை எழுதிய பேப்பர்களின் பட்டியல் வருஷ வாரியாக இருக்கும். கம்ப்யூட்டர் துறையில் ஒரு வசதி, பேப்பர்கள் பெரும்பாலும் ஆர்க்கைவ் தளத்தில் சும்மாவே கிடைக்கும். ஆக, பல்கலைக்கழகத்தின் பெயரை விட்டுவிட்டு ஆளைத் தேட வேண்டும். ஆளைத் தேடுவதற்கு முன்னால் தன் கேள்வி என்ன என்று தெரிய வேண்டும்.

அங்கேதான் இவள் மாட்டிக்கொண்டாள். "உன் கேள்வி என்னளா?" என்றால் "ஏஐ அத்தை" என்கிறாள். "எந்த ஊருக்குப் போறே என்று கேட்டால் தெற்கே என்கிற மாதிரி இருக்கு" என்றேன். பத்து நாள் இதுவே சண்டை. கடைசியில் ஒரு சாயங்காலம் முறுக்கு பிழிந்துகொண்டிருக்கும்போது வந்தது. இப்போதைய ஏஐ நாம் எழுதுவதை முழுச் சொல்லாக எடுத்துக்கொள்வதில்லையாம், துண்டு துண்டாக நறுக்கித்தான் எடுக்குமாம். ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒரு துண்டு, இரண்டு துண்டு. தமிழ்ச் சொல்லைப் போட்டால் கொத்துப் பரோட்டா. 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்' என்பதை நாமாக இருந்தால் இலக்கணப்படி பிரிப்போம். அது எழுத்துக்கு நடுவிலேயே வெட்டுகிறது. 'கொ'வில் க தனி, கொம்பும் காலும் தனி. துண்டு கூடினால் செலவும் கூடுமாம், துண்டுக் கணக்கில்தான் காசு வாங்குகிறார்களாம். "இலக்கணப்படி வெட்டிக் கொடுத்தா, கொஞ்சப் பாடத்தை வச்சே மெஷின் தமிழை நல்லாக் கத்துக்கிடுமா அத்தை?" என்று கேட்டாள்.

"இதைத்தான்ளா கேட்டேன்" என்றேன். முறுக்கு கருகிவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் மெயிலே கிடையாது. படிப்புதான். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பேப்பர்களை அச்செடுத்து வந்து பென்சிலால் கோடு போட்டுப் படித்தாள். துருக்கி மொழியும் நம் தமிழைப் போல ஒட்டு மேல் ஒட்டாக வளர்கிற மொழியாம், அதற்கு இதே வேலையைச் சிலர் செய்திருக்கிறார்கள். அவர்கள் பேப்பரில் உள்ளதைத் தமிழுக்குத் தானே செய்து பார்த்தாள். எங்கே சரியாக வரவில்லை என்று குறித்துக்கொண்டாள். பிறகு ஆறே ஆறு மெயில். ஒவ்வொன்றும் பத்து வரிக்குள். உங்கள் இந்தப் பேப்பரைத் தமிழில் செய்து பார்த்தேன், இந்த இடத்தில் இப்படி ஆனது, காரணம் இதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன், என் புரோகிராம் இந்த இடத்தில் இருக்கிறது, இந்த வருஷம் மாணவர் எடுக்கிறீர்களா? அவ்வளவுதான். ஆறில் இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் வெளிநாடு, ஒருவர் நம் நாடு.

நடுவில் ஒரு ஏமாற்றம். இங்கிலாந்தில் 'ஃபுல்லி ஃபண்டட்' என்று ஒரு விளம்பரம், அவள் துறையே. ராத்திரி ஒன்றரை மணிக்கு என்னை எழுப்பிக் காட்டினாள். காலையில் கண்ணாடி போட்டு முழுதாகப் படித்தால் கீழே பொடி எழுத்தில் உள்நாட்டு மாணவருக்கான கட்டணம் மட்டும்தான் தருவார்களாம், வெளிநாட்டவர் மீதியைக் கையிலிருந்து கட்ட வேண்டும். அந்த மீதி நம் வயல் நாலைந்தை முழுங்கும். அங்கே அரசாங்கப் பணத்தில் ஒவ்வொரு வருஷச் சேர்க்கையிலும் வெளிநாட்டவருக்கு 30 சதவீதம்தான் உச்சவரம்பு. முழுப்பணமும் வெளிநாட்டவருக்கும் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் விண்ணப்பியுங்கள். எழுதவில்லை என்றால் ஒரு வரி மெயில் போட்டுக் கேளுங்கள்.

மற்ற நாடுகளைப் பற்றி அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் முடித்திருக்க வேண்டும். பல்கலைக்கழக ஊழியராகவே எடுப்பார்கள், கம்ப்யூட்டர் துறையில் பெரும்பாலும் முழுச் சம்பளம், பிடித்தத்துக்கு முன் மாதம் 4,000 யூரோவுக்கு மேல். நெதர்லாந்து, ஸ்வீடன், நார்வே, டென்மார்க் எல்லாம் இதே வகை. வேலை விளம்பரம் மாதிரியே காலியிடம் போடுவார்கள். ஐரோப்பிய யூனியனின் யூராக்ஸஸ் தளத்தில் இவை வரும். மேரி கியூரி பெயரில் உள்ள திட்டத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. போகிற நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. நம் ஊரிலேயே இருந்த பிள்ளைக்கு அதனால் கஷ்டமில்லை. அமெரிக்காவில் பி.இ. முடித்தே நேராகச் சேரலாம், ஐந்தாறு வருஷம் ஆகும். ஃபீஸைத் தள்ளிவிட்டு உதவித்தொகை தருவார்கள், பதிலுக்கு வாரம் 20 மணி நேரம் வரை வேலை. விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர் பாதிக்குள் முடிந்துவிடும், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் டாலரில் கட்டணம் உண்டு, கஷ்டம் என்று கேட்டால் சில இடங்களில் விட்டுக்கொடுப்பார்கள். வாய்விட்டுக் கேட்க வேண்டும். நம் பிள்ளைகள் கேட்பதில்லை.

மருமகளை அந்த வெளிநாட்டுப் பேராசிரியர் வீடியோவில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார். பாதியில் கரண்ட் போனது. அவள் அம்மா போனிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுத்து ஒரு வழியாக முடித்தாள். இரண்டு வாரம் கழித்து வேறு ஒருவரை எடுத்துவிட்டோம் என்று மரியாதையாகக் கடிதம் வந்தது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. தம்பி பொண்டாட்டி இதுதான் சமயம் என்று வந்துவிட்டாள். "மைனி, வயசு இருபத்தஞ்சு ஆச்சு. நீங்களே இப்படி இடம் குடுத்தா நாளைக்கு யாரு கட்டுவா?"

சொந்தக்காரர்கள் பலர் இதைப் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன், என் மேல் கோபம் வந்தாலும் சரி. எம்.இ. படிக்க வைக்கும்போது வராத வயசு, சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்கும்போது மட்டும் வருகிறது. கல்யாணம் ஆனால் பிஎச்.டி. நின்றுவிடும் என்று எந்தச் சட்டமும் இல்லை. யுஜிசியின் 2022 விதிகளில் பெண்களுக்கு வழக்கமான ஆறு வருஷத்துக்கு மேலும் கூடுதல் அவகாசம் உண்டு, பிரசவம், குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. இதை அச்செடுத்தே அவளிடம் கொடுத்தேன். படித்தாளா தெரியாது, பேச்சு மட்டும் நின்றது.

பதில் போட்ட இரண்டாவது பேராசிரியர் நம் நாட்டில் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் இருக்கிறார். பிஎச்.டி. சேர்க்கைக்கு இன்னும் காலம் இருக்கிறது, அதுவரை என் புராஜெக்ட்டில் அசோசியேட்டாக வருகிறாயா என்று கேட்டார். இதுவும் ஒரு வாசல், பலருக்குத் தெரியாது. அந்த நிறுவனங்களின் வலைப்பக்கத்தில் வேலைவாய்ப்பு என்ற பகுதியில் புராஜெக்ட் அசோசியேட், ஜேஆர்எஃப் என்று தற்காலிக இடங்கள் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு வருஷம் வேலை பார்த்தால் சம்பளமும் வரும், பேராசிரியர் எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரியும், நாம் எப்படி என்று அவருக்கும் தெரியும். இவள் 2024 ஜனவரியில் அதில் சேர்ந்தாள். டிசம்பரில் பிஎச்.டி. நேர்முகம். கேட் மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும் என்பதால் 2022-ல் எழுதியது கைகொடுத்தது. உள்ளே என்ன கேட்டார்கள் தெரியுமா? இரண்டு ஜாடி, சிவப்புப் பந்து, நீலப் பந்து, எடுத்த பந்து சிவப்பு என்றால் அது முதல் ஜாடியிலிருந்து வந்திருக்க நிகழ்தகவு என்ன? பேயீஸ் தேற்றம்! "இந்தக் கணக்கை வாழ்க்கையில எங்க டீச்சர் யூஸ் பண்ணப் போறோம்" என்று கேட்ட பயல்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

2025 ஜனவரியிலிருந்து மாதம் 37,000. முதல் மாதம் அப்பாவுக்கு ஐயாயிரம் அனுப்பினாள். தம்பி அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருக்கிறான். டீக்கடையில் எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது. முப்பத்தைந்து சென்ட்டிலும் போன பிசானத்துக்கு அவனேதான் நெல் போட்டான்.

கைக்காசு போட்டுப் பகுதிநேரமாக பிஎச்.டி. பண்ணுகிற கல்லூரி ஆசிரியர்கள் என் மாணவர்களிலேயே பலர் இருக்கிறீர்கள். வேலையையும் பார்த்து, ராத்திரி உட்கார்ந்து, நேர்மையாகப் பண்ணுகிறீர்கள். இது உங்களைப் பற்றியது இல்லை. முழுநேரமாகப் போகக் கூடிய பிள்ளையை, சும்மா கிடைக்க வேண்டியதற்கு லட்சம் கட்ட வைக்கிறார்களே, அவர்களைப் பற்றியது.

இன்னொன்று. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-ல் சிவில் படித்து முடித்த விவசாயி மகன் ஒருவர், சித்தூர்ப் பக்கத்துக் கிராமம், சின்ன வயதில் தெலுங்கு வழியில் படித்தவர். பிறகு ஸ்டான்ஃபோர்டில் கணினி அறிவியலில் பிஎச்.டி. பண்ணி, பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினிக்கு வழி போட்டு, 1994-ல் டியூரிங் விருது வாங்கினார். ராஜ் ரெட்டி. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இவரைத் தெரியவில்லை. பாடம் எடுத்த காலத்தில் எனக்கும் தெரியாது.

மருமகள் சேர்ந்த அன்று ராத்திரி அந்த 2001 செட்டுப் பெண்ணுக்குப் போன் போட்டேன். 2009-ல் நான் தெரியாமல் சொன்னேன், நெட்டில் ஜேஆர்எஃப் என்று அன்றைக்கே இருந்தது, அரசாங்கம் மாதாமாதம் பணம் கொடுத்தது, நீ எழுதியிருந்தால் கட்டாயம் வாங்கியிருப்பாய் என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க அன்னைக்கு என்ன சொல்லியிருந்தாலும் நான் வேலைக்குத்தான் போயிருப்பேன் டீச்சர். அம்மாவுக்கு இருமல் அப்பவே ஆரம்பிச்சிருச்சு" என்றாள். எனக்காகச் சொன்னாளா, நிஜமாகவே அப்படித்தானா, தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை.

போனை வைக்கும்போது, "இப்ப வயசு வரம்பு ஏதும் உண்டா டீச்சர்?" என்றாள்.

இந்தத் தடவை விசாரித்துவிட்டுச் சொன்னேன். ஜேஆர்எஃப்புக்கு 30, பெண்களுக்கு ஐந்து வருஷச் சலுகை. அது அவளுக்குத் தாண்டிவிட்டது. ஆனால் பிஎச்.டி.யில் சேருவதற்கு யுஜிசி விதியில் உச்ச வயது கிடையாது. ஐஐடிகள் உள்பட பல இடங்களில் வேலையில் இருப்பவர்கள் கம்பெனியின் அனுமதியோடு பகுதிநேரமாகச் சேரலாம். உதவித்தொகை இராது, அவளுக்கு இப்போது அது தேவையும் இல்லை. ஐரோப்பாவில் அந்த வேலைகளுக்குப் பொதுவாக வயதைப் பார்ப்பதில்லை.

ஒரு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள். விண்ணப்பத்துக்கு சிபாரிசுக் கடிதம் வேண்டுமாம், நீங்கள் எழுதித் தாருங்கள் டீச்சர் என்றாள். பள்ளிக்கூட டீச்சர் கடிதம் அதற்குச் செல்லாதும்மா, ஆராய்ச்சி வேலையையோ ஆபீஸ் வேலையையோ பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுத வேண்டும் என்று இத்தனை நாள் படித்ததைச் சொன்னேன்.

"தெரியும் டீச்சர். அதை ரெண்டு பேர்கிட்ட வாங்கிட்டேன். நீங்க எழுதுங்க. நான் அனுப்ப மாட்டேன், வச்சுக்கிடுதேன்" என்றாள்.

மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரியே வரவில்லை.

கமெண்டில் 'சூப்பர் டீச்சர்' என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நெட் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜூனிலும் டிசம்பரிலும். கேட் பிப்ரவரியில், அதற்குப் பதிவு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே திறந்துவிடும். வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு ஆடி மாதமே உட்கார்ந்தால்தான் டிசம்பருக்குள் முடியும். ஆய்வு முடித்த பழைய மாணவர்கள், எந்த நாடாக இருந்தாலும், வாரம் ஒரு மணி நேரம் ஒரு பிள்ளையின் மெயிலைப் பார்த்துத் திருத்தித் தர முடியும் என்றால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். இப்போதைக்கு என்னிடம் ஏழு பிள்ளைகளும் நாலு அண்ணன்களும் இருக்கிறார்கள். மூன்று பேர் குறைகிறார்கள்.